இலை உதிர்வதும் மூளை உதிர்வதும்



ஜொகூர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரம் இலை உதிர்ப்பது தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும். யாரும் பயப்படுவதில்லை. சில வாரங்களில் புதுத் தளிர் வந்துவிடும். ஆனால் நோய் தாக்கி அந்தத் தளிரும் உதிர்ந்தால்தான் கவலை.

நம் உடம்பிலும் இதே கதைதான். தேவை முடிந்த உயிரணு தன்னைத் தானே அழித்துக் கொள்கிறது. 1972-இல் இதற்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர் அப்போப்டோசிஸ். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கருவிலுள்ள குழந்தையின் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வு மறைவதும் இதனால்தான்.

இந்த இரகசியத்தைக் காட்டிக் கொடுத்தது, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. அதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த சிட்னி பிரென்னர், நமக்குப் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் 2019-இல் காலமானவர். அந்தப் புழு வளரும்போது 1,090 உயிரணுக்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 குறித்த நேரத்தில் மடிகின்றன என்று கணக்கிட்டவர் ஜான் சல்ஸ்டன். அந்த மரணத்துக்குக் கட்டளையிடும் மரபணுக்களைக் கண்டவர் ராபர்ட் ஹார்விட்ஸ். மூவருக்கும் 2002-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஹார்விட்ஸின் தந்தை, தசையை இயக்கும் நரம்புகள் மடியும் ஏ.எல்.எஸ். நோயால் இறந்தவர். மகன் புழுவோடு நிற்கவில்லை. பரம்பரையாக வரும் அந்நோய்க்குக் காரணமான முதல் மரபணுவை 1993-இல் கண்டறிந்த குழுவில் அவரும் இருந்தார்.

தோல் உதிர்ந்தால் புதுத் தோல் வரும். மூளையின் நரம்பணு போனால், பெரும்பாலும் போனதுதான். கெட்ட புரதம் சேர்ந்தோ, உள்ளிருக்கும் சக்திக் கூடம் பழுதாகியோ நரம்பணு நெருக்கடிக்குள்ளானால், அதே மரணக் கட்டளை வேண்டாத இடத்தில் பிறக்கலாம். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்கும் முன்பே, அசைவுகளைச் சீராக்கும் டோபமின் உயிரணுக்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

கட்டளையைத் தடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்து பார்த்தார்கள். உயிரணு மரணத்தைத் தடுக்கும் என்று நம்பி, மினோசைக்ளின் மருந்தை ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 412 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் இன்னும் வேகமாக நலிந்தார்கள். மரணம் என்பது கடைசிப் படி. அதற்கு முன் நடந்த சேதத்தை விட்டுவிட்டு, கதவை மட்டும் சாத்திப் பயனில்லை.

ஆகவே, 'செத்த மூளை உயிரணுவை எழுப்பும்' என்று வீட்டுக்கு வந்து யாராவது புட்டியை விற்றால், சேமிப்புப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை.

நம்மால் முடிந்தது வேறு உண்டு. இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, காது மந்தம் உள்ளிட்ட 14 காரணங்களையும் களைந்தால், மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று லான்செட் ஆணையம் 2024-இல் கூறியது. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்றால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

உதிர்ந்ததை ஒட்ட முடியாது. இருப்பதைக் காக்கலாம்.