கைக்கு ஏற்ற பலகை

கணினியில் ஓவியம் வரைய உதவும் பென் டேப்லெட் என்ற பலகையின் பெட்டியைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது 8192 என்ற எண். பேனாவின் அழுத்தத்தை அத்தனை படிகளாகப் பிரித்தறியுமாம். கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் விற்பார். முடக்குவாதத்தால் விரல் மடங்காதவருக்கும் கையில் பலம் இல்லாதவருக்கும் அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழத் தொடங்கும்? அவர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

நல்லவேளையாக, இதில் பெரும்பகுதியை மென்பொருளிலேயே சரிசெய்துகொள்ளலாம். க்ரிட்டா என்றொரு மென்பொருள் இருக்கிறது. காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். அதன் அமைப்புகளில் டேப்லெட் பக்கத்தைத் திறந்தால் ஒரு சதுரமும், அதில் மூலைக்கு மூலை ஒரு கோடும் தெரியும். கோட்டின் நடுவைப் பிடித்து இடது மேல் மூலைப் பக்கமாக இழுத்துவிடுங்கள். இனி மெல்லத் தொட்டாலே தூரிகை அழுத்தமாக ஓடும்.

கை நடுக்கத்துக்கும் அதில் வழி உண்டு. ஸ்டெபிலைசர் என்ற வசதியைப் போட்டு, கூடவே தூரிகையைச் சுற்றி ஒரு வட்டமும் வைத்துக்கொள்ளலாம். அந்த வட்டத்துக்குள் கை எவ்வளவு ஆடினாலும் கோடு நகராது. வட்டத்தைத் தாண்டி இழுத்தால்தான் பின்னாலேயே வரும். ஆனால் கோடு கைக்குச் சற்றுப் பின்தங்கும், கூரான திருப்பங்கள் மழுங்கிப்போகும். அதனால் முகத்தின் வெளிக்கோட்டுக்கு இதை வைத்துக்கொண்டு, தலைமுடி, புல், நிழல் வரும்போது எடுத்துவிடுங்கள். நடுங்கும் கோட்டுக்கும் ஓர் உயிர் உண்டு. எல்லாவற்றையும் இஸ்திரி போட வேண்டுமா என்ன?

இப்போது பலகையின் அளவுக்கு வருவோம். விலை குறைவு என்று சிறியதை வாங்குவதுதான் வழக்கம். வேக்கம் நிறுவனத்தின் சிறிய இன்டுவோஸ் பலகையில் வரையும் இடத்தின் அகலம் 152 மில்லிமீட்டர். அதை 24 அங்குலத் திரையோடு இணைத்தால், திரையின் அகலம் ஏறத்தாழ 530 மில்லிமீட்டர். அதாவது, கையில் ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் திரையில் மூன்றரை மில்லிமீட்டராகத் தெரியும். நடுத்தர அளவு, 216 மில்லிமீட்டர் பலகை என்றால் இரண்டரைதான். நடுக்கம் உள்ளவர் பெரிய பலகையை வாங்குவதே நல்லது.

தசை பலவீனத்தால் தோளைத் தூக்க முடியாதவருக்கு இது அப்படியே தலைகீழ். விரலும் மணிக்கட்டும் மட்டும் அசைந்தால் போதும் என்பதால் சிறிய பலகைதான் அவருக்குத் தோது. பெரியது ஏற்கெனவே வீட்டில் இருந்தால், உள்ளங்கை அளவு இடம் மட்டும் முழுத் திரைக்கும் வேலை செய்யும்படி பலகையின் டிரைவர் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். கை படத்தைத் தேடிப் போக முடியாவிட்டால் படம் கையைத் தேடி வரட்டும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் இதை நூறு வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டார். முடக்குவாதம் அவருடைய விரல்களை முடக்கிய பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெரிய படங்களைத் தீட்ட, துணியை உருளைகளில் சுற்றி நகர்த்தும் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டார். 1919இல் இறக்கும்வரை அவர் தூரிகையை விடவில்லை. நாம் ஸ்பேஸ் பாரை அழுத்திப் படத்தை நகர்த்துகிறோம்.

ஸ்பேஸ் பாரை அழுத்த இன்னொரு கை வேண்டுமே என்பீர்கள். ஒரு கையால் மட்டும் வரைபவருக்கு உண்மையான சிக்கல் இதுதான். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். பிறகு, கடைசிக் கோட்டை அழிக்கக் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். அதைவிட நல்லது, பேனாவின் பக்கப் பொத்தானிலேயே அந்தக் கட்டளையை வைத்துவிடுவது. ஐபேடுக்கு மட்டும் கிடைக்கும் புரோக்ரியேட் என்ற ஓவியச் செயலியில் இரண்டு விரலால் தட்டினால் கடைசிக் கோடு அழியும். இரண்டு விரலை ஒரே நேரத்தில் வைக்க முடியாதவர்களுக்காக, ஒரு விரலால் அழுத்தும் பொத்தான்களை அதன் அமைப்புகளில் கொடுத்திருக்கிறார்கள்.

கழுத்துவலிக்காரர்கள் திரை உள்ள பலகைக்கு ஆசைப்பட வேண்டாம், அதன்மேல் குனிந்தே கிடக்க நேரும். திரை இல்லாத பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு நேராக மானிட்டரைப் பார்த்து வரையலாம். பேனா மெலிதாக இருந்தால் ஸ்பாஞ்சைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுத் தடிமனாக்குங்கள். முனை மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

வாங்கும் முன், தெரிந்தவரிடம் ஒரு பலகையை இரவல் வாங்குங்கள். மல்டிமீடியா படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்கூட இருக்கும். ஐந்து நிமிடம் கிறுக்கிப் பார்த்தால் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் வரையுங்கள். மூட்டு வலி உடனே தெரியாது, மறுநாள் காலையில்தான் கணக்குத் தீர்க்கும். அதையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.