பாடநூலில் தம் முன்னோர்



கல்வி, அறிவோடு தன்மதிப்பையும் ஊட்ட வேண்டும். 1940-களில் அமெரிக்க உளவியலறிஞர் கென்னத் கிளார்க்கும் அவர்தம் துணைவியாரும் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தால் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, நல்லது எதுவென வினவினர். பலரும் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். பிஞ்சு நெஞ்சில் நஞ்சூட்டியவர் யார்?

இந்நோய்க்கு முன்னரே மருந்து கண்டவர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, சுரங்கத்தில் உழைத்து, 1912-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். தம் மக்களின் வரலாற்றைப் பாடநூல்கள் மறைத்தமை கண்டு, 1926 பிப்ரவரியில் அவர்தம் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். பள்ளிகள் பல அதனை ஏற்றன. 1976-இல் அது ஒரு திங்கள் விழாவாக வளர்ந்தது.

நம் இல்லங்களிலோ, கறுத்த குழந்தையைக் கேலி பேசும் வழக்கம் இன்னும் அகலவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்குமுன் நாம் கற்போமாக.