விளக்கின் வயிற்றில் தெரிந்த அறை



நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பிடிவாதமான பொருள் என்று. மெருகேற்றிய பித்தளை கண்ணாடி மாதிரி. கேமராவை நீட்டினால் விளக்கின் வயிற்றில் நாமே நிற்கிறோம். பின்னால் ஜன்னல், டியூப் லைட், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு வரைக்கும் தெரிகிறது. முதன்முதலாக ஒரு கடைக்காக நான் எடுத்தது ஒரே ஒரு விளக்கு. காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம்தான் முடிந்தது. பித்தளையைப் படம் எடுப்பதென்றால் அதைச் சுற்றி இருப்பதைப் படம் எடுப்பதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் சுற்றிலும் பட்டர் பேப்பரைத் திரை போலக் கட்டி, வெளிச்சத்தை அதற்கு வெளியே இருந்து விடுவோம். உலோகம் அப்போது சாந்தமாக ஒளிரும். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையாகவே இருந்தால் விளக்கு தட்டையாகிவிடும். இரு புறமும் கறுப்பு அட்டை நிறுத்த வேண்டும். அந்தக் கறுப்பு ஓரத்தில் மெல்லிய கோடாக ஏறும்போதுதான் தண்டு உருண்டு திரண்டு நிற்கும். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் கோடு தடித்து, விளக்கு இளைத்துப் போகும். இந்த விரற்கடைக் கணக்கில்தான் கலை இருக்கிறது என்பேன்.

இதே விளக்கைக் கணினியிலும் உருவாக்கலாம். விளிம்பின் பாதி வடிவத்தை மட்டும் வரைந்து, நடு அச்சில் ஒரு சுற்று சுற்றினால் முழு விளக்கும் எழுந்து நிற்கும். சில மென்பொருள்களில் அந்தக் கருவிக்கு 'லேத்' என்றே பெயர். காவிரி வண்டலில் வார்த்து எடுத்ததைப் பட்டறையில் கடைசல் பிடிப்பவர் செய்வதும் அந்தச் சுற்றுதான்.

ஆனால் திரையில் எழுந்த விளக்கு பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் போல இருக்கும். நிஜ விளக்கிலோ கடைசல் உளி தலைமயிர் போன்ற வரிகளை விட்டுப் போகிறது. ஒளி அந்த வரிகளுக்குக் குறுக்கே நீண்டு படர்கிறது. கணினிக்கு இதை நாம்தான் சொல்லித் தரவேண்டும். விளிம்பும் அப்படித்தான். உலகத்தில் எந்த விளிம்பும் கத்தி போல முடிவதில்லை. துளி மழுங்கியிருப்பதால்தான் அதில் ஒரு வெள்ளிக் கீற்று மின்னுகிறது. அந்தக் கீற்றைக் கண்ணால் பார்த்துப் பழகாதவர் எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பயனில்லை.

சுவீடனின் ஐகியா நிறுவனம் 2006-ல் தன் பொருள் பட்டியலில் பெர்டில் என்ற நாற்காலியைக் கணினியிலேயே உருவாக்கி வெளியிட்டது. 2014 வாக்கில் அதன் பொருட்படங்களில் முக்கால்வாசி அப்படி வந்தவை. இதில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. அங்கே புகைப்படக்காரர்களை முப்பரிமாண வேலையும், கணினிக் கலைஞர்களைப் புகைப்படமும் கற்றுக்கொள்ள வைத்தார்கள். அதன் பிறகுதான் படங்களின் தரம் உயர்ந்தது.

விளக்கின் வயிற்றில் செருப்பு தெரிந்ததே, அந்தத் தொல்லையையே கருவியாக்கியவர் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக். பளபளக்கும் உருண்டை ஒன்றை ஓர் இடத்தில் வைத்து, வெவ்வேறு ஒளி அளவுகளில் படம் எடுத்து, அந்த இடத்தின் வெளிச்சம் முழுவதையும் கணினிக்குள் கொண்டுபோகும் வழியை 1998-ல் காட்டினார். இன்று நம்மூர் மாலை வெயிலையும் அப்படிப் பிடித்து, இல்லாத விளக்கின் மேல் விழ வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வார்ப்பின் சிறு புள்ளியைக்கூடத் துடைத்து, கையில் வாங்குகிறவர் ஏமாறும்படி சிலர் படம் செய்கிறார்கள். கைவேலைக்குச் செய்கிற அநியாயம் அது.

சுடரை மட்டும் நான் இன்னும் கேமராவில்தான் எடுக்கிறேன். கறுப்புத் துணிக்கு முன்னால் நல்லெண்ணெய்த் திரியை ஏற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அது அசையாமல் நிற்கிற நொடிக்காகக் காத்திருப்பேன். பிறகு அதைக் கணினி விளக்கின் முகத்தில் கொண்டுபோய் வைப்பேன்.