குறைந்த செலவில் இரயில் பயணம்



மாதக் கடைசியில் ஒரு திருமண அழைப்பிதழ் வந்து சேர்கிறது. திருமணம் தைப்பிங்கில். நாம் இருப்பது கிள்ளானில். வீட்டில் ஐந்து பேர்: கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், வயதான தாயார். மொய்ப் பணத்தை எப்படியாவது ஒதுக்கிவிடலாம். ஐந்து பேர் போய்வரும் செலவுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வி எழாத குடும்பம் நம்மிடையே மிகக் குறைவு. "நீங்கள் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள், நாங்கள் வீட்டில் இருந்துகொள்கிறோம்" என்று மனைவி சொல்வதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. இப்படி நான்கைந்து திருமணங்கள் கழிந்தால், சொந்த மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் எதிரெதிரே வந்தாலும் அடையாளம் தெரியாதவர்களாக வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே, கையில் இருக்கும் பணத்துக்குள் இரயில் சீட்டு வாங்குவது எப்படி என்பது பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். சீட்டே வாங்காமல் ஏறுவதும், மீசை அரும்பிய பிள்ளையைக் 'குழந்தை' என்று சொல்லிப் பாதிக் கட்டணத்தில் அழைத்துச் செல்வதும் இந்த உரையில் சேரமாட்டா.

நம் நாட்டின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. அதன் பின் நாடெங்கும் நீண்ட பாதைகளில் நம்மவர் பலருடைய வியர்வை சிந்தியிருக்கிறது. அந்தக் காலத்தில் சீட்டு வாங்குவதில் குழப்பம் இல்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மூன்று இருந்தன. தோட்டத்து ஆட்கள் முகப்புக்குப் போய் எந்த வகுப்பு என்று சொல்லவேண்டிய தேவைகூட இருந்திருக்காது. இன்று மூன்றாம் வகுப்பு என்ற பெயர் இல்லை. பெயர் போனதால் மலிவான சீட்டும் போய்விட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது போகவில்லை. வேறு பெயரில், வேறு வண்டியில் இருக்கிறது, தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் மின்சார இரயிலை எடுத்துக்கொள்வோம். இ.டி.எஸ். என்று அழைக்கப்படும் இந்தச் சேவை 2010-இல் தொடங்கியது. 2015-இல் பாடாங் பெசார் வரை நீண்டது. இதில் பிளாட்டினம் என்றும் கோல்டு என்றும் வகைகள் உண்டு. பிளாட்டினம் என்றதும் மெத்தை வைத்த பெட்டி என்று நினைத்துவிடவேண்டாம். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, வழியில் எத்தனை நிலையங்களில் நின்று போகிறது என்பதுதான். ஓடுவது ஒரே தண்டவாளம். 2019-ஆம் ஆண்டு வாக்கில் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கோல்டில் 59 ரிங்கிட், பிளாட்டினத்தில் 79 ரிங்கிட். ஓர் ஆளுக்கு 20 ரிங்கிட் வித்தியாசம். கணவனும் மனைவியும் போய்த் திரும்ப 80 ரிங்கிட். சில நிலையங்களில் கூடுதலாக நிற்பதற்காக நாம் இழக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், அந்த 80 ரிங்கிட்டுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றாது. கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறும் என்பதால் எண்ணைவிட முறையைத்தான் மனத்தில் வைக்கவேண்டும். ஒரே நாளில் ஓடும் எல்லா வண்டிகளின் விலையையும் வரிசையாகப் பார்த்த பிறகே சீட்டு வாங்கவேண்டும். கண்ணில் முதலில் பட்ட வண்டியை வாங்குதல் கூடாது.

ஆனால் மலிவான இருக்கைகள் முதலில் தீர்ந்துபோகின்றன. பள்ளி விடுமுறை, பெருநாள், வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு மாலை ஆகிய வேளைகளில் தாமதித்து வருபவருக்கு எஞ்சியிருப்பது விலை கூடிய வண்டி. அல்லது ஒன்றுமே இல்லை. பெருநாள் காலச் சீட்டு விற்பனை எந்த நாளில் தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். நாள் தெரிந்த பயணமானால், அழைப்பிதழ் வந்த வாரமே வாங்கிவிடுவது நல்லது. சம்பள நாள் வரட்டும் என்று காத்திருப்பவரின் கஷ்டம் நமக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட வீடுகளில், திருமணத்துக்கு உடுத்தும் துணியைப் பிறகு வாங்கலாம், சீட்டை முதலில் வாங்குங்கள் என்றுதான் சொல்வோம்.

அடுத்து, நமக்கு உரிமையாக உள்ள சலுகையை நாமே தவறவிடுவது. அறுபது வயதான மலேசியர்கள் 'வார்கா எமாஸ்'. அவர்களுக்கும், பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கும், ஓக்கேயூ அட்டை வைத்திருக்கும் உடற்குறையுற்றோருக்கும் கட்டணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இது தெரிந்த செய்திதானே என்பீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. நான்காண்டுகளாக முழுக் கட்டணம் கொடுத்தே பயணம் செய்துவந்தார். காரணம், சீட்டை அவர் வாங்குவதில்லை. பேரன் கைத்தொலைபேசியில் வாங்குகிறான். எல்லாரையும் 'டேவாசா' என்று ஒரே அழுத்தில் போட்டுவிடுகிறான். ஒருநாள் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் பெரியம்மாவுக்கு விவரம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பேரனைக் கேட்டார். "பாட்டி, உங்களைப் பார்த்தால் கிழவி மாதிரியா இருக்கிறது?" என்றான். பெரியம்மா சிரித்துவிட்டார், ஆனால் நான்காண்டுக் கணக்கை விரல்விட்டு எண்ணத் தவறவில்லை. பிள்ளைகளிடம் சீட்டு வாங்கச் சொல்லும்போது வீட்டில் உள்ளவர்களின் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயணத்தின்போது அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பயண நாளை முன்பே அறிந்தவர்களுக்கு. நேயர்களே, சாவுச் செய்தி நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. சிக்கனமாகப் பயணம் செய்யவேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் அவசரப் பயணமும் வந்து வாய்க்கிறது. அவர்களிடம் போய் "ஒரு மாதம் முன்பே வாங்கியிருக்கலாமே" என்று சொல்வது முறையாகாது. இவ்விடத்தில்தான் நாம் கொமுட்டர் இரயிலைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

1995-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கிய கொமுட்டரை வேலைக்குப் போய்வரும் வண்டி என்றே பலர் நினைக்கிறார்கள். அது வடக்கேயும் ஓடுகிறது. பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசார் வரை ஒரு பாதை. பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்த்தாஜாம், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், தைப்பிங், கோலகங்சார் வழியாக ஈப்போ வரை மற்றொரு பாதை. இந்த வண்டியில் இருக்கை எண் கிடையாது. அதனால் 'சீட்டு விற்றுத் தீர்ந்துவிட்டது' என்ற பேச்சும் கிடையாது. போகிற அன்றைக்கே வாங்கலாம். கட்டணமோ மின்சார விரைவு வண்டியைவிட மிகவும் குறைவு. நின்றுகொண்டு போகவேண்டி வரலாம், அவ்வளவுதான். நாம் தேடிய மூன்றாம் வகுப்பு இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தைப்பிங்கிலிருந்து எங்களுக்கு ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது. அத்தை காலமாகிவிட்டார். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். பள்ளி விடுமுறை வேறு. தைப்பிங் வழியாகச் செல்லும் விரைவு வண்டிகளில் ஓர் இருக்கையும் இல்லை. வாடகைக் கார் கேட்ட விலை எங்களால் ஆகாதது. பேருந்தில் போகலாம், ஆனால் தாயாருக்கு அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போகவேண்டும். அவர் தம் நாத்தனாரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் இரயில் நிலையத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வழி சொன்னார். "ஏன் தைப்பிங் தைப்பிங் என்றே தேடுகிறீர்கள்? ஈப்போவோடு நின்றுவிடுகிற வண்டியைப் பாருங்கள். வடக்கே போகிறவர்கள் அதைத் தேடமாட்டார்கள்."

அவர் சொன்னது உண்மை. வடக்கே பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் போகும் வண்டிகள் நிரம்பி வழிந்தபோதும், ஈப்போவில் முடியும் காலை வண்டி ஒன்றில் எங்களுக்கு இடம் இருந்தது. ஈப்போவில் இறங்கிக் கொமுட்டருக்குச் சீட்டு வாங்கினோம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் தாண்டி, புக்கிட் பெராப்பிட் குகைப் பாதையின் இருட்டைக் கடந்து தைப்பிங்கில் இறங்கியபோது மணி இரண்டாக இன்னும் நேரம் இருந்தது. நேராகப் போகும் சீட்டுக்குக் கொடுக்கவேண்டியதைவிடச் செலவும் குறைவாகவே ஆயிற்று. தாயார் பார்க்கவேண்டியவரைப் பார்த்தார்.

இதே வழியில் நாம் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடுத்த முறை பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, வழிதான் தெரியுமே என்று மிதப்பாக மாலை வண்டியில் கிளம்பினோம். ஈப்போவில் இறங்கியபோது அன்றைய கடைசிக் கொமுட்டர் போய்விட்டிருந்தது. விலையைப் பார்த்தோமே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை. இதில் குறைசொல்ல வேறு யாரும் இல்லை. கார் பிடித்துத் தைப்பிங் போய்ச் சேர்ந்ததில், முதல் பயணத்தில் மிச்சம் பிடித்ததும் சேர்ந்தே போயிற்று. வண்டி மாறிப் போகிறவர்கள் இரண்டாம் வண்டியின் நேரத்தை முதலில் பார்க்கவேண்டும். அதற்கு முந்திய வண்டியும் எது என்று தெரிந்துவைத்திருப்பது இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். 1973-ஆம் ஆண்டு மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கொன்று சரியாக மாறின. அதன்பின் இரண்டும் தனித்தனி வழியில் சென்றன. ஆனால் சீட்டில் இருந்த எண் அப்படி மாறவில்லை. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் நாள் மூடப்படும் வரை, ஜொகூர் பாருவில் நாற்பது ரிங்கிட் என்றால் சிங்கப்பூர் முகப்பில் நாற்பது சிங்கப்பூர் வெள்ளி என்ற கணக்கே நடந்தது. இது தெரிந்தவர்கள் பேருந்தில் பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவில் ரிங்கிட்டில் சீட்டு வாங்கி ஏறினார்கள். 2015-இல் ஓடத் தொடங்கிய ஷட்டில் தெப்ராவிலும் இதே கதைதான்: உட்லண்ட்ஸிலிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி, ஜொகூர் பாருவிலிருந்து வர 5 ரிங்கிட். ஐந்து நிமிடப் பயணத்துக்கு இந்த வித்தியாசம் வேடிக்கையாக இருக்கும். அவசரம் இல்லாதவர்கள் போகும்போது பேருந்திலும் வரும்போது இரயிலிலும் வந்தால் பணமும் மிஞ்சும். பிள்ளைகளோடு சோதனைச் சாவடியில் வரிசை நிற்கமுடியாதவர்களுக்கு அந்த ஐந்து வெள்ளி வீணல்ல என்பதும் உண்மை.

எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதும் ஒன்று உண்டு. பெருநாள் நெருக்கத்தில் "என்னிடம் ஒரு சீட்டு இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் வாங்காதீர்கள். விரைவு வண்டிச் சீட்டில் பயணம் செய்பவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவாகின்றன. அடுத்தவர் பெயரில் உள்ள சீட்டு நமக்கு உதவாது.

திருமணத்துக்குப் போகும் கிள்ளான் குடும்பத்துக்குத் திரும்பி வருவோம். அவர்கள் போகும் சீட்டை மட்டும் வாங்கிவிட்டு, வருவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக்கூடாது. ஞாயிறு மாலை தெற்கு நோக்கி வரும் வண்டிதான் முதலில் நிரம்புகிறது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. போகும் சீட்டு வாங்கும் அதே வேளையில் வரும் சீட்டையும் வாங்கட்டும்; அது கிடைக்காவிட்டால், தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குக் கொமுட்டர் எத்தனை மணிக்கு என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.