காஞ்சி என்றொரு அணி இருந்தது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)



எனக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு அதுவே அதிகம். "கல்லூரி நாட்களைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னு செயலாளர் கேட்டார். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் சினிமாவுக்குச் சுவர் ஏறிக் குதித்ததைப் பற்றியும் காலையிலிருந்து நாலு பேர் பேசிவிட்டார்கள். அதனால் நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். கல்லூரி கடைசியில் வரும், கவலைப்படாதீர்கள்.

நான் காவாந்தண்டலத்துக்காரன். உத்திரமேரூர்த் தாலுகா. என் தம்பி மகனும் அதே வீட்டில் வளர்ந்தவன்தான். இப்போது இதே கல்லூரியில் படிக்கிறான்; பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவான், அதனால் சொல்லவில்லை.

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது இவன் நாலாவது படித்துக்கொண்டிருந்தான். எட்டு அணிகள். சேப்பாக், திண்டுக்கல், கோவை, மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி, திருவள்ளூர், அப்புறம் நம்ம காஞ்சி. ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்று பெயர். டி.வி.யில் அந்தப் பெயர் வந்ததும் பையன் குதித்த குதி இருக்கிறதே! பட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமே காஞ்சிபுரம் பெயரைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஸ்கோர் பலகையில் பார்ப்பது எனக்கே ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. எங்கள் பம்ப்செட் கொட்டகைச் சுவரில் காவியைக் கரைத்து "காஞ்சி வாரியர்ஸ்" என்று முழநீள எழுத்தில் எழுதினான். கரையேறி வருகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு சீசன் முடிந்தது. 2018ல் அந்த அணி ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆகிவிட்டது. காரணம் யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அதே வருடம் இன்னொரு வேடிக்கை நடந்தது. திருவள்ளூர் வீரன்ஸ் என்று இருந்த அணி காஞ்சி வீரன்ஸ் ஆனது. பையனுக்கு மறுபடியும் அணி கிடைத்துவிட்டது. சுவரில் "வாரியர்ஸ்" மேல் சுண்ணாம்பு அடித்து "வீரன்ஸ்" என்று எழுதினான். "பொருள் ஒண்ணுதானே பெரியப்பா"ன்னு சமாதானம் வேற.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். திருவள்ளூரிலும் ஒரு பையன் இருந்திருப்பான். அவனும் ஒரு சுவரில் எழுதியிருப்பான். அவன் அணியைத்தான் நாங்கள் கைதட்டி வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

அந்த 2018ல்தான் சென்னைக்காரர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. காவிரிப் போராட்டம். ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம், மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது, மீதி உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டன. மஞ்சள் சட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒரு தனி ரயிலில் ஏறிப் புனேவுக்கே போய்விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். அங்கே வாட்சன் சதம் அடித்தார். அடுத்த வருடம் அணி திரும்பி வந்துவிட்டது. பெரிய ஊர், பெரிய அணி. போனாலும் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. சின்ன ஊர் அணிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. போனால் போனதுதான்.

காஞ்சி வீரன்ஸ் பாபா அபராஜித் தலைமையில் நன்றாகத்தான் ஆடியது. 2019ல் கடைசி நாலு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்த வருட நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்து நம் மாவட்டமே பாதியானது, அது வேறு கதை. 2020ல் கொரோனா, போட்டியே இல்லை. அந்த இடைவெளியில்தான் பையன் என்னிடம் வந்து, "பெரியப்பா, நம்ம டீம் இருக்குமா?"ன்னு கேட்டான். யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "அதெல்லாம் எங்கேயும் போகாதுடா"ன்னு தைரியமாகச் சொன்னேன். நாற்பது வருடம் முன்னால் இங்கே படித்ததை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவோமே, அந்தத் தைரியம். 2021ல் அது நெல்லை ராயல் கிங்ஸ் ஆகிவிட்டது.

அவன் அழவில்லை. "வீரன்ஸ்" மேலும் சுண்ணாம்பு அடித்தான். இன்றைக்கும் எங்கள் கொட்டகைச் சுவரில் "காஞ்சி" என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளை.

2022 ஜூன் 23. நெல்லை அணி சங்கர் நகரில் சேப்பாக் அணியோடு ஆடுகிறது. ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. அபராஜித் அப்போது நெல்லையில்தான் இருந்தார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பையன் திரும்பி என்னைப் பார்த்து, "இப்ப நான் கத்தலாமா, கூடாதா?"ன்னு கேட்டான். நெல்லை ஜெயித்தது. அவன் கத்தவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்த அணி ஏன் போனது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். உரிமையாளர்களின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. வெளியே தெரிகிறதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் நாலு வருடமும் லீக் ஆட்டங்கள் எங்கே நடந்தன? சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டம் நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர். காஞ்சி என்று பெயர் வைத்த இரண்டு அணிகளும் காஞ்சிபுரத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை. நமக்குச் சேப்பாக்கம் எழுபது எண்பது கிலோமீட்டர், நத்தம் ஏறத்தாழ 400, சங்கர் நகர் ஏறத்தாழ 600. போகலாம் போகலாம் என்று சொல்லியே நான் அவனை ஒருமுறையும் கூட்டிப் போகவில்லை. அது என் குற்றம்.

இப்போது திருநெல்வேலியைப் பாருங்கள். 2016லிருந்து அங்கே மைதானம் இருந்தது, அணி இல்லை. நம்மிடம் அணி இருந்தது, மைதானம் இல்லை. அஞ்சு வருடத்தில் அணி மைதானத்தைத் தேடிப் போய்விட்டது. சேலத்திலும் அதுதான். வாழப்பாடிப் பக்கம் 2020ல் ஒரு மைதானம் திறந்தார்கள்; 2021ல் தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. தூத்துக்குடி முதல் வருடக் கோப்பையை வாங்கிய அணி! கோப்பைகூடக் காப்பாற்றவில்லை.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி என்று சொல்ல மாட்டேன். காரைக்குடி அணி திருப்பூருக்குப் போனதற்கு இந்தக் கணக்கு உதவாது. திருச்சிக்கும் உதவாது. மதுரை சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் பார்க்காமலே தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அது மதுரை, அதற்குத் தனிச் சட்டம். ஆனால் திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் வைத்த பெயர் இன்றுவரை அப்படியே இருக்கிறது. 2024ல் அஷ்வின் தலைமையில் கோப்பையும் வாங்கினார்கள். அவர்கள் ஆடும் நத்தம் மைதானம் யாருடையது? என்.பி.ஆர். கல்லூரியுடையது. 2022லிருந்து கோவையில் ஆட்டம் நடக்கும் மைதானம்? எஸ்.என்.ஆர். கல்லூரியுடையது. நான் சுற்றி வளைத்து எங்கே வருகிறேன் என்று முன்வரிசைக்குப் புரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள்.

உத்திரமேரூர்க்காரன் மேடை ஏறினால் குடவோலை சொல்லாமல் இறங்கமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 1100 வருடம் ஆகிறது. குடவோலைக்குப் பெயர் எழுதவேண்டும் என்றால் என்னென்ன தகுதி வேண்டும் என்று வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். மனை இல்லாதவனுக்கு ஊர்க் காரியத்தில் வேர் இருக்காது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாம், மனையே இல்லாத அணியை நம்முடையது என்று நினைத்துவிட்டோம்.

இது எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டேன். நான் இங்கே படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு அணி இருந்தது. கோடையில் செய்யாற்று மணலில் ஓடிப் பழகுவோம்; பந்து எழும்பாது, ஆனால் கால் உரமாகும். ஆட்டம் ஊர்ப் பொதுக்களத்தில். அறுப்பு முடிந்ததும் சாணி மெழுகின தரை சிமெண்ட் மாதிரி இருக்கும். ஆளுக்கு 2 ரூபாய் போட்டுக் கார்க் பந்து வாங்குவோம். பின்னால் களத்தில் கட்டடம் வந்தது. தேவையான கட்டடம்தான், குறை சொல்லவில்லை. பையன்கள் பக்கத்து ஊர்க் களத்துக்கு ஆடப் போனார்கள். முதல் வருடம் விருந்தாளி. இரண்டாம் வருடம் பாதி அணி அவர்கள். மூன்றாம் வருடம் பொங்கல் போட்டிக்கு உத்திரமேரூரில் போய் நிற்கிறோம். மைக்கில் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், இறங்கி வருகிற பதினொரு பேரில் ஏழு பேர் எங்கள் பையன்கள். புளியமரத்தடியில் நின்ற எங்களில் ஒருத்தர் விசில் அடிக்க விரலை வாயில் வைத்தவர், அப்படியே எடுத்துவிட்டார். 2022ல் என் தம்பி மகன் கேட்ட கேள்வியை அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. லண்டனில் விம்பிள்டன் கால்பந்து அணியை மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக 2002ல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் கொடி பிடித்தார்கள், நடக்கவில்லை. அந்த வருடமே பூங்கா மாதிரி ஒரு பொதுவெளியில் ஆள் தேர்வு வைத்து, தாங்களே புது அணி ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்ப்படியிலிருந்து ஏறி 2011ல் லீக்குக்குள் வந்தது. 2020 நவம்பரில் பழைய பேட்டையிலேயே புது மைதானம் கட்டித் திரும்பினார்கள். அமெரிக்காவில் கிரீன் பே என்று ஒரு ஊர், ஜனத்தொகை 1 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு லாபம் கிடையாது, விற்றுக் காசாக்கவும் முடியாது. சும்மா பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். அந்த அணியைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது, ஏனென்றால் தூக்குவதற்கு ஒரு முதலாளி இல்லை.

நாம் 5 லட்சம் பேர் இல்லை. இந்த மண்டபத்தில் 300 பேர் இருப்போம். லீக் அணி வாங்கச் சொல்லவும் நான் வரவில்லை; என் மனைவி மூன்றாம் வரிசையில் இருக்கிறாள்.

நம் கல்லூரி மைதானத்தை வருகிற வழியில் பார்த்திருப்பீர்கள். கிழக்குப் பாதியில் இன்று நம் கார்கள் நிற்கின்றன. மற்ற நாட்களில் கல்லூரிப் பேருந்துகள் நிற்கும். நாங்கள் ஆடிய ஆடுகளத்தின் மேலே டயர்த் தடம். மாணவர்கள் பயிற்சிக்கு வேறு இடம் தேடிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் வருடம் விருந்தாளி, அதற்கப்புறம் நடக்கிறது நான் பார்த்தது.

மதியம் பொதுக்குழுவில் சங்க நிதியைப் பற்றிப் பேசப்போகிறோம். நுழைவாயிலில் வளைவு கட்டலாம், மேலே நம் சங்கத்தின் பெயர் பொறிக்கலாம் என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கொண்டுவந்ததுதான், கொண்டுவந்தவர் என் அறைத் தோழர், இப்போதே முறைக்கிறார். நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். வளைவு காத்திருக்கட்டும். பேருந்துகளுக்கு மேற்கே இடம் ஒதுக்கித் தர நிர்வாகத்தைக் கேட்போம். மைதானத்துக்கு வேலி, ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு உருளை, நல்ல மண்ணில் ஆடுகளம். கல்லூரி நேரம் முடிந்ததும் காவாந்தண்டலம், மாகறல், உத்திரமேரூர்ப் பையன்களும் பெண்பிள்ளைகளும் வந்து ஆடலாம் என்று ஒரு பலகை.

நாளைக்கே லீக் ஆட்டம் வந்துவிடும் என்று ஏமாற்ற மாட்டேன். ஒருமுறை "எங்கேயும் போகாதுடா"ன்னு சொல்லி மாட்டிக்கொண்டவன் நான்.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, மைதானத்தில் ஒரு பையன் கார்களுக்கு நடுவே டேப் பிடித்து 22 கஜம் அளந்துகொண்டிருப்பான். காலையிலேயே பையில் போட்டு எடுத்து வந்துவிட்டான். கருப்பு மாருதிக்காரர் யாரோ, ஆடுகளத்தின் மேலேயே நிறுத்தியிருக்கிறார். கொஞ்சம் பின்னால் எடுத்துக்கொண்டால் நல்லது.