துப்பாக்கியும் நம் பார்வையும்



செஞ்சி மலைகள் வெடிச் சத்தத்தை நிறையக் கேட்டவை. மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இந்த மலைகள்மேல் உள்ள கோட்டையை முற்றுகையிட்டார். அப்போது உள்ளே இருந்தவர் மராத்தியர் தலைவர் ராஜாராம். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தப் போர்களின் நினைவாகக் கோட்டையின் ராஜகிரி மலையில் நிற்கும் பீரங்கியை நாம் பெருமையோடு தொட்டுப் பார்க்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது மகிழ்ந்தோம்.

அதே ஊர்ப் பக்கம் ஒருவர் தோளில் நாட்டுத் துப்பாக்கியோடு நடந்து வந்தால் என்ன செய்கிறோம்? குழந்தையை இழுத்து நம் பக்கம் நிறுத்திக்கொள்கிறோம். "இவன் எப்படிப்பட்ட ஆளோ" என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இன்று உங்களோடு பேசுகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? முதலில், உரிமம் பெற்ற விவசாயியிடம். பாக்கமலைக் காட்டை ஒட்டி மல்லாட்டை போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றி என்றால் என்னவென்று தெரியும். காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு ராத்திரி கூட்டமாக இறங்கினால், விடியும்போது கொல்லை முழுவதும் கிளறிக் கிடக்கும். இந்தக் கஷ்டத்தைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிரைக் காப்பதற்காகக் குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி செய்கிறது. விண்ணப்பித்தவரைப் பற்றிக் காவல்துறை விசாரிக்கும். தேர்தல் நேரத்தில் காவல்துறை கேட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்து வாங்கி வர வேண்டும். இத்தனைக்கும் கட்டுப்பட்டு நடக்கிறவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயமில்லை.

அடுத்து, நரிக்குறவர் மக்கள். தலைமுறை தலைமுறையாக வேட்டையே அவர்கள் பிழைப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பை மூடியது. காட்டுக்கு அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் தொழிலை இழந்தவர்களுக்கு மாற்றுத் தொழில் தர நாம் அவசரப்படவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்றுத் தெருத்தெருவாக அலைந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.

இங்கே நம் பார்வையின் கோணலைச் சொல்லியாக வேண்டும். நிலபுலன் உள்ளவர் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்கினால் அதைக் கௌரவம் என்கிறோம். நரிக்குறவர் தோளில் அது இருந்தால் குற்றம் என்கிறோம். ஒருவர் தப்புச் செய்தால் குடியிருப்பு முழுவதையும் சந்தேகிக்கிறோம். இந்தப் பார்வை யாருடைய உயிரையும் காப்பாற்றியதில்லை.

மூன்றாவதுதான் நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது: உரிமமில்லாத கள்ளத் துப்பாக்கி. இரும்புக் குழாயும் மரக்கட்டையும் வைத்துச் செய்துவிடுகிறார்கள். கரிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடுகிறார்கள். யார் செய்தது, யார் கையில் இருக்கிறது என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படி உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை. செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

சரி, துப்பாக்கி எப்போது மனிதர்மேல் திரும்புகிறது? கிராமங்களிலிருந்து வரும் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினைச் சண்டை, குடிபோதை. இருட்டில் புதர் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டதில் உடன் வந்தவரே விழுந்திருப்பார். மருந்து கெட்டித்தபடி மூலையில் சாத்தி வைத்ததைப் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். பல நேரம் சுட்டவரும் சுடப்பட்டவரும் அண்ணன் தம்பி, பங்காளி, பக்கத்துக் கொல்லைக்காரர்.

இது கிராமத்தில் மட்டும் நடப்பதல்ல. 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஜி.ஆர். தம் வீட்டிலேயே சுடப்பட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற எம்.ஆர்.ராதா அவரோடு பல படங்களில் சேர்ந்து நடித்தவர், வீட்டுக்கு வந்து பேசும் அளவுக்குப் பழகியவர். கழுத்தில் குண்டு பாய்ந்தும் எம்.ஜி.ஆர். பிழைத்தார், ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. கோபம் எல்லா வீட்டிலும் வரும், மறுநாள் தணிந்தும் போகும். அந்த நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் மறுநாள் என்பதே சிலருக்கு இல்லாமல் போகிறது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. ஜெனீவாவில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனத்தின் 2017 மதிப்பீட்டில், அமெரிக்காவில் 100 பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள், இந்தியாவில் 5. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொள்கிறவர்கள். மனம் உடைந்த நேரத்தில் கருவி கையருகே இருப்பதே அங்கே எமனாகிறது. ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நாட்டு அரசு சட்டத்தை இறுக்கி, மக்களிடமிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களை அது எதிரிகளாக நடத்தவில்லை. தேவையுள்ள விவசாயிகளுக்கு அங்கே இன்றும் உரிமம் உண்டு.

நம் மாநிலத்துக்கு ஒரு நல்ல நிலை வாய்த்திருக்கிறது. 2016 இறுதிக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கு மேல் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம்தான். இந்த நிலையைக் கட்டிக் காக்க வேண்டுமானால், கள்ளத் துப்பாக்கிக்கான தேவையைக் குறைக்க வேண்டும்.

அந்தத் தேவை எங்கே பிறக்கிறது? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். காட்டைக் காக்கும் நோக்கில் இது சரி. ஆனால் பன்றியால் அதிகம் நஷ்டப்படுகிறவர் அந்த முதல் கிலோமீட்டருக்குள் கொல்லை வைத்திருப்பவர். அவருக்கு இழப்பீடு தாமதமானால், ராத்திரியில் கள்ளத் துப்பாக்கியோ திருட்டு மின்வேலியோ தேடிப் போகிறார். அந்த மின்வேலியில் மிதித்து மனிதர்கள் செத்த செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். காட்டோரக் கொல்லைகளுக்கு இழப்பீட்டை அந்தப் பருவத்திலேயே கொடுங்கள். கள்ளத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்பவர்மேல் வழக்கில்லை என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவல்துறை சொன்னபோது மலைக்கிராம மக்கள் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். செஞ்சி வட்டாரத்திலும் அப்படி ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

உரிமம் வைத்திருக்கும் பெரியவர்களே, துப்பாக்கியில் மருந்து கெட்டித்தபடி வீட்டுக்குள் வைக்காதீர்கள். குழலை ஓரிடத்திலும் மருந்தை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள். குடித்திருக்கும்போது அதைத் தொடாதீர்கள். உரிமம் வைத்திருந்த அப்பா இறந்துவிட்டால், பிள்ளைகள் அதைப் பரணில் போட்டுவிடாமல் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

தாய்மார்களே, வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும். சண்டையும் குடியும் உள்ள வீட்டில் துப்பாக்கியும் இருந்தால், விபரீதம் நடக்கும்வரை காத்திராதீர்கள். நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள், 112 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒருவர் எந்தச் சாதி, எந்தக் குடியிருப்பு என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர் கையில் இருப்பதற்கு உரிமம் உண்டா, அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, அந்த வீட்டில் சண்டை முற்றுகிறதா என்று பாருங்கள். உயிரைக் காப்பாற்றும் கேள்விகள் இவைதான். இன்றிலிருந்து இவற்றைக் கேட்கத் தொடங்குவோம்.