அசதியும் உறக்கமின்மையும்: உணவும் மூலிகையும்

(உழவர், பண்ணை மகளிர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் நிலக்கடலையோ சோளமோ இளம் இலை வெளுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இடைப்பகுதி மஞ்சளாகிவிடும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. இருக்கிறது, பயிரால் எடுக்க முடிவதில்லை. யூரியா போட்டால் தேறாது. அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும்.

நம் வீடுகளில் "எந்நேரமும் அசதியாக இருக்கிறது, படுத்தால் தூக்கம் வரவில்லை" என்று சொல்பவர்களில் பலருடைய நிலையும் இதுதான். கடையில் டானிக் வாங்குகிறார்கள். சிலர் தூக்க மாத்திரை கேட்கிறார்கள். யூரியா போடுவது போன்ற வைத்தியம் இது. முதலில் பார்க்க வேண்டியது இரத்தம்.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தச் சோகை உள்ளது. ஆண்களும் தப்பவில்லை, நாட்டில் நால்வரில் ஒருவருக்கு உண்டு. ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமப்பது ஈமோகுளோபின். அது குறைந்தால் களை எடுக்கும்போது மூச்சு வாங்கும், படியேறினால் நெஞ்சு படபடக்கும், பிற்பகலில் உடம்பு துவளும்.

உறக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரவில் படுத்தவுடன் கால் குடைகிறது, நீட்டி மடக்கிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் நிற்கிறது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உடலில் இரும்பு இருப்பு குறைந்தவர்களிடம் இது மிகுதி. இவர்கள் தைலம் தேய்த்துப் பயனில்லை. பச்சரிசி, விபூதி, சாம்பல், மண் இவற்றைத் தின்ன ஆசை வருவதும் சோகையின் அடையாளமாக இருக்கலாம். மாமியார் கடிந்துகொள்வதால் மருமகள் அதை மறைக்கிறாள். கடிந்துகொள்வதை விட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு துளி இரத்தத்தில் விடை தெரிந்துவிடும்.

சரி, உணவில் எங்கே குறை? ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் நான்கரை, கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல். கம்பையும் கேழ்வரகையும் விளைத்து விற்றுவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு உண்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் நட்டம். முருங்கைக் கீரையில் நூறு கிராமுக்கு நாலரை மில்லிகிராம் அளவு இரும்பு உண்டு. வேலியோரத்தில் நிற்கும் மரம்தானே என்று அதை அலட்சியம் செய்கிறோம். பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து அதுவே இரத்தம் என்று நம்புவோர் பலர். அதில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. புலால் உண்போருக்கு ஈரல், சுவரொட்டி இவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். பாலும் தயிரும் முட்டையும் மீனும் அறவே சேர்க்காதவர்களுக்கு பி-12 உயிர்ச்சத்துக் குறைவாலும் அசதியும் கால் மரத்துப்போவதும் வரும். இது எந்தக் கீரையிலும் கிடைக்காது.

இங்கேதான் அந்தச் சுண்ணாம்பு நிலக் கதை வருகிறது. கீரையும் கூழும் உண்டும் சிலருக்கு இரத்தம் ஊறுவதில்லை. காரணம், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உண்ணும்போதே குடித்தால் உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்குமேல்கூட வீணாகலாம். தேநீரை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே கூறுகிறது. மாறாக எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி இவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து இரும்பை உடம்பில் ஏற்றிவிடும். கீரைப் பொரியலை இறக்கி ஆறவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்தில் ஒரு பகுதி சூட்டில் அழிந்துவிடும். கேழ்வரகை முளைகட்டினாலும் கூழைப் புளிக்கவைத்தாலும் இரும்பு எளிதில் சேரும். நம் பாட்டிமார் சுவைக்காகச் செய்தது சத்துக்கும் நல்லதாக அமைந்தது.

தாய்மார்களிடம் ஒன்று. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் ஒட்டியதை வழித்து உண்கிறீர்கள். கீரை முன்பே தீர்ந்திருக்கும். சோறும் ரசமும் மிச்சம். வீட்டில் அதிகமான இரும்பு தேவைப்படுபவருக்கே குறைவாகக் கிடைக்கிறது. ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமைத்ததும் அவர் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுவது எளிய வழி.

வெறுங்காலோடு வயலில் இறங்குவோருக்குக் கொக்கிப்புழு காலின் தோல்வழியே ஏறும். குடலில் தங்கி நாள்தோறும் இரத்தம் உறிஞ்சும். என்ன உண்டாலும் ஓட்டை மடைபோலப் போய்விடும். செருப்பும் கழிப்பறையும் தடுப்பு. புழு இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரை.

ஈமோகுளோபின் குறைந்துவிட்டால் உணவு மட்டும் போதாது, இரும்பு மாத்திரை வேண்டும். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். பாலோடும் தேநீரோடும் வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு, பயந்து நிறுத்தாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். அளவு தேறியபின்னும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று தின்றால் உயிருக்கே ஆபத்து. உரக்கடை அன்னபேதியை யாரும் வாயில் போடக் கூடாது.

இனி உறக்கம். மருந்து தெளித்த அன்று தலைவலி, வியர்வை, கை நடுக்கம், அசதி, அன்றிரவு தூக்கமின்மை இருந்தால் அதை வெயில் என்று தள்ளாதீர்கள். ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்குவதன் அறிகுறிகள் அவை. உடனே சோப்புப் போட்டுக் குளித்து, உடையை மாற்றி, மருந்துப் புட்டியோடு மருத்துவரிடம் செல்க.

மாலை நான்கு மணிக்குக் குடித்த காப்பியின் வீரியத்தில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆகவே மாலைக்குமேல் காப்பியும் தேநீரும் வேண்டாம். புகையிலையும் விழிப்பூட்டும் பொருளே. உடல்வலி தீர்ந்து தூங்க என்று மது குடிப்போர், படுத்ததும் தூங்கி நடுச்சாமத்தில் விழித்துக்கொள்கிறார்கள். பிறகு விடியும்வரை புரளல், மறுநாள் அசதி, அதற்கு மறுபடி மது. முறைத் தண்ணீருக்காக இரவு கண்விழிப்போர், காலையில் அறையை இருட்டாக்கிச் சில மணி நேரம் தொடர்ந்து உறங்குவது நல்லது.

மூலிகைக்கு வருவோம். அமுக்கராக் கிழங்கைப் பொடித்துப் பாலில் அருந்துவது நம் சித்த மருத்துவ வழக்கம். அதன் தாவரவியல் பெயரின் பிற்பகுதியான சோம்னிபெரா என்பதற்கே உறக்கம் தருவது என்று பொருள். 2021-இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேர் அளவில், தொகுத்துப் பார்த்ததில் உறக்கம் ஓரளவு மேம்பட்டது தெரிந்தது. ஓரளவுதான், கண்கட்டு வித்தை இல்லை. கர்ப்பிணிகள், தைராய்டு நோயாளிகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் உண்ணக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்போர் கேட்டறிந்தே உண்ண வேண்டும். கிழங்குதான் மருந்து, இலை அல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. அளவை அங்கே கேளுங்கள்.

சாதிக்காயும் அப்படியே. பாலில் ஒரு சிட்டிகை போதும், தீங்கில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைவதால் தாராளமாகக் கிடைக்கிறதே என்று ஒரு முழுக் காயை அரைத்துக் குடித்தால் படபடப்பும் மனப்பிறழ்வும் வரும். குழந்தைகளுக்கு உரைத்து ஊட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து, தாகம் மிகுந்து, உடல் மெலிந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமே கேட்கலாம். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்து, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவோர் டிராக்டர் ஓட்டுமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடன், விளைச்சல் இழப்பு என்று மூன்று மணிக்கே விழித்து, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பவருக்கு அமுக்கராவும் முருங்கையும் தீர்வல்ல. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.